நிலைவகை மொழிகளும் இயங்குவகை மொழிகளும்

நிரலில் வரும் ஒரு மதிப்பு எண்ணா, எழுத்துச்சரமா, பட்டியலா என்பதைக் குறிப்பது தரவு வகை. அது பிசகின்றிக் கையாளப்படுகிறதா என்று நிரல் ஓடுவதற்கு முன்பே சோதிப்பவை நிலைவகை மொழிகள். ஓடும்போது சோதிப்பவை இயங்குவகை மொழிகள். சி, ஜாவா, ஹாஸ்கெல் முதல் பிரிவு. லிஸ்ப், பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் இரண்டாவது.

வகைகள் முதலில் வந்தது பிழையைப் பிடிக்க அல்ல, கணிப்பொறிக்காக. முழு எண்ணுக்கும் பதின்ம எண்ணுக்கும் வன்பொருளில் தனித்தனிக் கட்டளைகள் இருந்ததால், எதைப் பயன்படுத்துவது என்று, நிரலைக் கணிப்பொறிக் கட்டளைகளாக மாற்றும் தொகுப்பிக்குத் தெரிந்தாக வேண்டும். 1957-இல் ஐபிஎம்மில் ஜான் பேக்கஸ் குழுவினர் வெளியிட்ட ஃபோர்ட்ரானில் மாறியின் பெயரே வகையைச் சொல்லிவிடும்: ஆங்கில எழுத்து 'ஐ' முதல் 'என்' வரை ஏதேனும் ஒன்றில் தொடங்கினால் அது முழு எண். பெயரில் ஓரெழுத்து தவறினால் தொகுப்பி அதைப் புதிய மாறியாக எடுத்துக்கொண்டு மேலே போய்விடும். மாறிகளை முன்கூட்டியே அறிவிக்கச் சொன்ன அல்கோல் 60 இந்த ஓட்டையை அடைத்தது.

செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்காக 1958-இல் ஜான் மெக்கார்த்தி தொடங்கிய லிஸ்ப், வகையை மாறியிடமிருந்து எடுத்து மதிப்பிடமே கொடுத்தது. ஒரே பட்டியலில் எண்ணும் குறியீடும் வேறொரு பட்டியலும் கலந்து இருக்கலாம். இந்தச் சுதந்திரத்துக்கு விலை வேகம்: ஒவ்வொரு செயலிலும் வகையைப் பார்த்தாக வேண்டும். பின்னாளில் செல்ஃப் மொழி ஆய்வில் பிறந்த உத்திகளும், அவற்றைப் பின்பற்றி 2008-இல் வந்த கூகுளின் வி8 என்ற ஜாவாஸ்கிரிப்ட் பொறியும் அந்த விலையைப் பெரிதும் குறைத்தன.

நிலைவகையின் சுமை, வகைகளை ஓயாமல் எழுத வேண்டியிருப்பது. எடின்பரோவில் ராபின் மில்னர் 1970-களில் உருவாக்கிய எம்எல் மொழி, எழுதாமலே வகைகளை ஊகித்தறிந்தது. இந்த வரலாற்றின் மிக அழகான கண்டுபிடிப்பு இதுவே.

வகைச் சோதனையில் தேறிய நிரல் சரியான நிரல் என்று பொருளல்ல. 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட் ஏவப்பட்ட ஏறத்தாழ 40 நொடிகளில் சிதறியது. அதன் வழிகாட்டு மென்பொருள் கண்டிப்பான நிலைவகை மொழியான ஏடாவில் எழுதப்பட்டது. 64 பிட் பதின்ம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் வரி வகையளவில் செல்லுபடியானதுதான். வந்த மதிப்புதான் அதில் அடங்கவில்லை.

இயங்குவகை என்றாலே கட்டுப்பாடற்றது என்பதும் தவறு. '5' என்ற எழுத்துச்சரத்துடன் 3 என்ற எண்ணைக் கூட்டினால் ஜாவாஸ்கிரிப்ட் '53' என்கிறது. கழித்தால் 2 என்கிறது. பைத்தான் இரண்டையும் மறுத்துப் பிழை காட்டும். ஆனால் அந்த வரி ஓடும்வரை காட்டாது. சிறு நிரலில் இது பொருட்டில்லை. பல ஆண்டுகளாகப் பலர் கைபட்ட லட்சக்கணக்கான வரிகளில் ஒரு செயற்கூற்றின் பெயரை மாற்றத் துணியும்போதுதான் நிலைவகையின் அருமை தெரியும்.

இந்தத் தேவையே இரு பிரிவுகளையும் நெருங்க வைத்தது. 2006-இல் ஜெரமி சீக், வாலித் தாஹா இருவரும் ஒரே நிரலில் வகை குறித்த பகுதிகளும் குறிக்காத பகுதிகளும் சேர்ந்திருக்கலாம் என்னும் படிப்படி வகையிடல் என்ற கருத்தை முன்வைத்தனர். 2012-இல் மைக்ரோசாஃப்ட், ஜாவாஸ்கிரிப்டுடன் வகைக் குறிப்புகளைச் சேர்த்த டைப்ஸ்கிரிப்ட்டை வெளியிட்டது. 2015-இல் பைத்தான் 3.5 வகைக் குறிப்புகளை ஏற்றது. ஜாவாஸ்கிரிப்ட் திட்டங்களின் பிழைகளை ஆராய்ந்த 2017-ஆம் ஆண்டு ஆய்வு, அவற்றில் சுமார் 15 விழுக்காட்டை இத்தகைய சோதனை முன்பே பிடித்திருக்கும் என்றது. எனினும் டைப்ஸ்கிரிப்ட் ஜாவாஸ்கிரிப்டாக மாறும்போது வகைக் குறிப்புகள் அழிந்துவிடுகின்றன. வெளியிலிருந்து வரும் தரவை நிரல் ஓடும்போது தனியாகச் சோதிப்பது இன்றும் நிரலாளரின் பொறுப்பே.