மட்டாஞ்சேரி: அடைக்கலமும் இரக்கமும்

கொச்சித் துறைமுகத்தை ஒட்டிய மட்டாஞ்சேரி, ஊரிழந்து வந்தவர்களுக்குப் பல நூற்றாண்டுகளாக இடம் கொடுத்த பேட்டை. யூதர், கொங்கணிகள், குஜராத்திச் சமணர், கச்சி மேமன் முஸ்லிம்கள் எனப் பலரும் நடந்தே சுற்றிவரக்கூடிய பரப்புக்குள் தத்தம் கோயில், பள்ளிவாசல், ஜெபாலயத்தோடு வாழ்ந்திருக்கிறார்கள். அயலாருக்கு இரங்குவது இங்கே நிலமாகவும் சுவராகவும் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த இரக்கம் எங்கே நின்றுபோனது என்பதும் தெரிகிறது.

இதன் தொடக்கம் வடக்கே கொடுங்கல்லூரில். கி.பி. 1000 அளவில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் பட்டத்தையும் 72 உரிமைகளையும் வழங்கி, வட்டெழுத்தில் செப்பேடு பொறித்துக் கொடுத்தான். இதை வணிக ஏற்பாடு என்று சொல்வதுதான் நியாயம். வந்தவரால் துறைமுகம் செழித்தது. ஆனால் 16ஆம் நூற்றாண்டில் நடந்ததை வெறும் வணிகக் கணக்காகப் பார்க்க முடியவில்லை. 1492இல் ஸ்பெயின் தன் யூதர்களைத் துரத்தியது; அவர்களில் சிலரின் வழிவந்தோர் கொச்சிவரை வந்து சேர்ந்தார்கள். 1560களில் போர்த்துக்கீசியர் கொடுங்கல்லூரைத் தாக்கவே, அங்கிருந்த யூதர்களும் தெற்கே வந்தார்கள். கொச்சி மன்னர் அவர்களுக்குத் தம் அரண்மனையை ஒட்டியே நிலம் கொடுத்தார். 1568இல் அங்கே பரதேசி ஜெபாலயம் எழுந்தது. அரண்மனை வளாகத்துப் பகவதி கோயிலும் ஜெபாலயமும் இன்றும் அக்கம்பக்கமாகவே நிற்கின்றன.

அந்த அரண்மனையையே மன்னருக்குக் கட்டிக் கொடுத்தவர்கள் போர்த்துக்கீசியர்தான். கொச்சி அரசு அன்று அவர்கள் தயவில் இருந்தது. அவர்கள் யாரை வெறுத்தார்களோ அவர்களைத் தம் வாசலிலேயே குடிவைக்க ஓர் அரசருக்குத் துணிவு வேண்டும். அதன் விலையும் தெரிந்தது: 1662இல் போர்த்துக்கீசியர் ஜெபாலயத்தைச் சூறையாடினார்கள். மறு ஆண்டு கொச்சி டச்சுக்காரர் கைக்கு மாறிய பிறகே அதைச் செப்பனிட முடிந்தது.

கொங்கணிகளின் கதையும் இதே காலத்தது. 1560இல் கோவாவில் கத்தோலிக்க விசாரணை மன்றம் அமைந்தபின் கவுட சாரஸ்வதக் குடும்பங்கள் கடலோரமாகத் தெற்கே இறங்கின. மட்டாஞ்சேரி செறளாயியில் அவர்கள் தங்கள் திருமலை வேங்கடாசலபதிக்குக் கோயில் எழுப்பினார்கள். ஆனால் அரசன் கொடுத்த அடைக்கலம் அரசன் மாறினால் ஆட்டம் காணும். பின்னாளில் கொச்சி மன்னரான சக்தன் தம்புரானோடு மோதல் முற்றி, 1791இல் கொங்கணிகள் தங்கள் தெய்வத்தையும் எடுத்துக்கொண்டு ஆலப்புழைக்குப் போக நேர்ந்தது. விக்கிரகம் திரும்பி வந்தது 1853இல்.

அடைக்கலம் பெற்றவர்கள் தங்களுக்குக் கீழே இருந்தவர்களை எப்படி நடத்தினார்கள் என்பதையும் இந்த வரலாற்றில் எழுதியாக வேண்டும். பரதேசி யூதர்களிடம் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் வழித்தோன்றல்கள் அதே தெய்வத்தைத்தான் தொழுதார்கள். ஆனாலும் ஜெபாலயத்தின் உள்ளே இருக்கையில் அமர அவர்களுக்கு அனுமதி இல்லை. வேதம் வாசிக்கவும் முடியாது. இந்தச் சமூகத்தில் பிறந்து வழக்கறிஞரான ஆபிரகாம் பாரக் சாலேம் (1882–1967), காந்தியின் சத்தியாகிரகத்தைத் தொழுகை இடத்துக்குள்ளேயே கொண்டுபோனார். வெளியே போய்த் தனியாக ஒரு ஜெபாலயத்தைக் கட்டாமல், அதே இடத்தில் அமர்ந்து எதிர்த்தார். தடைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. யூதக் காந்தி என்று அவரை அழைத்தார்கள். மன்னர் தந்த நிலத்துக்கு இணையாக இவருடைய பொறுமையையும் வைக்கத் தோன்றுகிறது.

உயிரிரக்கத்தைச் சமயக் கடமையாகவே கொண்டவர்கள் குஜராத்திச் சமணர். 1904இல் அமைந்த தர்மநாதர் கோயிலில் நண்பகலில் புறாக்களுக்குத் தானியம் இறைப்பது நித்திய வழக்கம். மதத்தைக் கேட்காமல் வருகிறவர் கையிலும் தானியம் கொடுப்பார்கள். சற்றுத் தெற்கே பள்ளுருத்தியில் நாராயண குரு 1916இல் பவானீஸ்வரர் கோயிலைப் பிரதிஷ்டை செய்தார். கோயில் வாசல் மறுக்கப்பட்டவர்களுக்காகக் கோயில்கள் எழுப்பிய அவர், உயிர்களிடத்து இரக்கத்தையே பொருளாகக் கொண்டு ‘அனுகம்பா தசகம்’ என்ற நூலும் இயற்றினார்.

வந்தவர் எல்லாரும் அடைக்கலம் தேடி வந்தவர்கள் இல்லை. கோட்டைக் கொச்சியின் தமிழ் வண்ணார் சமூகம், டச்சுப் படையினரின் சீருடைகளை வெளுப்பதற்காக அழைத்து வரப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. அவர்கள் வழிவந்தோர் இன்னும் அங்கே துணி வெளுக்கிறார்கள். துறைமுகத் தொழிலாளர் நிலை இதைவிடக் கொடியது. ‘சாப்பா’ எனப்பட்ட உலோக வில்லைகளைக் கங்காணிகள் கூட்டத்துக்குள் வீசுவார்கள். பாய்ந்து பொறுக்கியவருக்கு மட்டும் அன்று வேலை, அன்று சோறு. பசித்த மனிதரை ஒருவர்மேல் ஒருவர் விழவைத்த இந்த முறையை எதிர்த்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. தொழிலாளர் உயிர் பறிபோனது. பல மதங்கள் அருகருகே வாழ்ந்த ஊர் என்று புகழ்பவர்கள் பெரும்பாலும் இந்த நாளைக் குறிப்பிடுவதில்லை. குறிப்பிட்டாக வேண்டும்.

இஸ்ரேல் உருவானபின் யூதர்களில் பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்தார்கள். தங்கிய சிலரில் ஒருவர் சாரா கோஹன். யூதத் தெருவில் தம் வீட்டிலேயே பூத்தையல் கடை நடத்தினார். யூதர் தலையில் அணியும் கிப்பாவும் ஓய்வுநாள் ரொட்டியை மூடும் துணியும் அங்கே தைத்து விற்கப்பட்டன. அதே தெருவில் சுற்றுலாப் பயணிகளிடம் அஞ்சலட்டை விற்றுக்கொண்டிருந்த முஸ்லிம் சிறுவன் தாஹா இப்ராஹிம். சரக்கை வைக்க இடமில்லாமல் தவித்த அவனுக்கு, சாராவின் கணவர் ஜேக்கப் தம் வீட்டில் இடம் கொடுத்தார். பிள்ளைகள் இல்லாத அந்தத் தம்பதியோடு உறவு வளர்ந்தது. ஜேக்கப் மறைந்தபின் தாஹாவும் அவர் மனைவியும் சாராவைத் தாயைப் போலக் கவனித்துக்கொண்டார்கள். முதுமையில் அவரால் முடியாதபோது கடையையும் தாஹாவே நடத்தினார். 2019 ஆகஸ்ட் 30 அன்று, 96ஆம் வயதில் சாரா காலமானார். நாட்டுக்கு நாடு யூதரும் முஸ்லிம்களும் பகைவராகப் பேசப்பட்ட காலத்தில், எந்த அரசாணையும் இல்லாமல், ஒரு சரக்குப் பையிலிருந்து தொடங்கிய உறவு இது. இந்த ஊரின் செப்பேடுகளையும் நினைவுச் சின்னங்களையும்விட இதைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன்.

இரக்கம் ஊர் எல்லையையும் தாண்டியது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது ‘அன்போடு கொச்சி’ என்ற தன்னார்வலர் கூட்டு கொச்சியிலிருந்து நிவாரணப் பொருள்களைச் சேர்த்து அனுப்பியது. 2018இல் கேரளமே வெள்ளத்தில் தத்தளித்தபோது தமிழ்நாட்டிலிருந்து லாரிகள் எதிர்த்திசையில் போயின. சாரா மறைந்த அதே மாதத்தில் மறுபடி வெள்ளம். எறணாகுளம் பிராட்வேயில் நிவாரணத் துணி சேகரிக்க வந்தவர்களை ஒரு தெருவோரத் துணி வியாபாரி தன் சரக்கறைக்கு அழைத்துப் போனார். பக்ரீத் விற்பனைக்காக வாங்கி வைத்திருந்த புதுத் துணிகளை மூட்டை மூட்டையாக எடுத்துக் கொடுத்தார்.