பழைய சைக்கிளும் அதற்குரிய இருக்கையும்

வரலாறு என்றவுடன் அரசரும் போரும் கோட்டையும் கொத்தளமுமே நம் நினைவிற்கு வருகின்றன. ஆயினும், எளிய மக்களின் வாழ்வைத் தாங்கி நின்ற பொருள்களுக்கும் வரலாறு உண்டு. பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய எல்லையோர ஊர்களில் அத்தகைய பொருள்களுள் முதன்மையானது சைக்கிள் என்று கூறுவது மிகையாகாது. நம் காலனி இல்லங்கள் சிலவற்றிலும், அண்டை ஊர்களில் வாழும் நம் உறவினர் இல்லங்களிலும், தந்தையரும் பாட்டனாரும் ஓட்டிய வண்டிகள் விறகுப்புரையிலும் தாழ்வாரத்திலும் இன்றும் சாய்ந்து கிடக்கின்றன. அவற்றைத் துடைத்துச் செப்பனிட்டு மீண்டும் ஓட்டவேண்டும் என்னும் ஆர்வம் நம் இளைஞரிடையே அண்மையில் தோன்றியிருப்பது பாராட்டிற்குரியது. அவர்கள் தவறாமல் எழுப்பும் வினா ஒன்றுண்டு: “இவ்வண்டிக்கு எந்த இருக்கை பொருந்தும்?” பார்வைக்குச் சிறியதாகத் தோன்றும் இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண், நம் வட்டாரத்தில் சைக்கிள் பெற்ற சிறப்பிற்குக் காரணம் யாது? ரயில்வே ஊழியனாகிய எனக்கு அதற்கான விடை இருப்புப்பாதை வரலாற்றிலேயே கிடைக்கிறது. செங்கோட்டை வழியாகக் கொல்லத்தை 1904இல் அடைந்த ரயில், 1918இல் திருவனந்தபுரத்திற்கு வந்தது. 1931இல் தம்பானூர் வரை நீண்டது. அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் தெற்கே ஓரடியும் நகரவில்லை. திருவனந்தபுரம், நாகர்கோவில், கன்னியாகுமரி ஆகியவற்றை இணைக்கும் பாதை 1979இல்தான் திறக்கப்பெற்றது. அதுகாறும் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை, களியக்காவிளை என நீளும் நெடுஞ்சாலையில் பேருந்தும் மாட்டுவண்டியும் போக, எளியவர்க்குத் துணையாயிருந்தவை சைக்கிளும் சொந்தக் கால்களுமே.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு நடுவே விழுந்தது. கொண்டான் கொடுத்தான் உறவு இருபுறமும் இருந்தது. திருமணச் செய்தியையும் இழவுச் செய்தியையும் எல்லை கடந்து சுமந்து சென்ற சைக்கிள்கள் பல. ஆதலின் அவ்வண்டியைப் பழம்பொருள் என்று மட்டும் கருதுதல் முறையன்று. அது ஒரு குடும்பத்தின் சான்றேடு.

இனி, இருக்கையின் வரலாற்றைக் காண்போம். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஜான் போல்ட்பீ புரூக்ஸ் என்பவர் 1866இல் குதிரைச் சேணம் முதலான தோற்பொருள்கள் செய்யும் தொழிலைத் தொடங்கினார். 1878இல் தம் குதிரை இறந்துவிடவே, இரவல் சைக்கிளில் ஏறி வேலைக்குச் சென்ற அவர், அதன் இருக்கை தந்த துன்பம் பொறுக்கமாட்டாமல் நல்லதொன்றைத் தாமே செய்ய முற்பட்டார் என்று அந்நிறுவனத்தின் வரலாறு கூறும். 1882இல் தம் இருக்கைக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். 1885இல் ஸ்டார்லியின் ‘ரோவர்’ வண்டி தோன்றி, இரு சக்கரமும் ஏறத்தாழ ஒத்த அளவுடைய அமைப்பு நிலைபெற்றது. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கினார். இம்மூன்றும் சேர்ந்த பின்னரே சைக்கிள் மக்கள் ஊர்தியாயிற்று.

அத்தோல் இருக்கையின் அமைப்பு எளியது. முன்னே ஒரு மூக்கு, பின்னே ஒரு வளைந்த தகடு. இவ்விரண்டிற்கும் இடையே தடித்த தோலொன்று தொட்டில் போல் இழுத்துக் கட்டப்பட்டு, ரிவெட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கும். அடியில் பஞ்சு இல்லை, மெத்தை இல்லை. ஓட்டுபவரின் இடுப்பெலும்பின் அடிமுனைகள் இரண்டும் அழுத்த அழுத்தத் தோல் இணங்கிக்கொடுத்து, அவர் உடலுக்கேற்ற வடிவத்தைப் பெறும். தோல் தளர்ந்தால் மூக்கிற்கு அடியிலுள்ள திருகைச் சிறிது முடுக்கலாம்.

இவ்விருக்கைகளுள் இரு வகைகளைப் பிரித்தறிதல் வேண்டும். கைப்பிடி உயர்ந்து, ஓட்டுபவர் நிமிர்ந்தமரும் சாலை வண்டியில் உடலின் பாரம் பெரும்பாலும் இருக்கையிலேயே விழும். அதற்கு அகன்ற பின்புறமும் சுருள்வில்லும் தேவை. புரூக்ஸ் நிறுவனம் 1927இல் வெளியிட்ட ‘பி 66’ இவ்வகையைச் சார்ந்தது. கைப்பிடி கீழ்நோக்கி வளைந்த பந்தய வண்டியில் பாரத்தின் ஒரு பகுதியைக் கைகள் ஏற்கின்றன. தொடைகளும் விரைந்து இயங்கவேண்டும். ஆதலின் குறுகிய, சுருள்வில் இல்லாத இருக்கையே அதற்கு ஏற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியாண்டுகளில் தோன்றிய ‘பி 17’ இதற்கு எடுத்துக்காட்டாகும். நம் ஊர்களில் மிகுதியாக ஓடியவை 28 அங்குலச் சக்கரமும் கம்பிப் பிரேக்கும் கொண்ட நிமிர்ந்த வண்டிகளே. படத்தில் அழகாயிருக்கிறது என்று அவற்றில் குறுகிய பந்தய இருக்கையைப் பொருத்துவது, வேட்டி கட்டியவர் தலையில் தொப்பியைக் கவிழ்த்ததற்கு ஒப்பாகும். இடுப்பும் வலிக்கும், வரலாறும் பிழைபடும்.

அடுத்து, வண்டியின் காலத்தை அறிதல் வேண்டும். நாடு விடுதலை பெறுமுன் ராலே, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., ஹம்பர், ரட்ஜ் போன்ற ஆங்கில வண்டிகளே பெருவழக்காயிருந்தன. 1949இல் முருகப்பா குடும்பத்தார் ஆங்கிலக் கூட்டுறவுடன் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்க, அம்பத்தூரிலிருந்து 1951 முதல் ஹெர்குலிஸ் வண்டிகள் வெளிவந்தன. வங்காளத்து ஆசன்சோலில் சென்-ராலே ஆலை 1952இல் உற்பத்தியைத் தொடங்கிற்று. லூதியானாவில் ஹீரோ சைக்கிள்ஸ் 1956இல் எழுந்தது. ஆதலின் முகப்பில் ‘ராலே’ என்னும் பெயர் இருப்பதாலேயே அது நாட்டிங்காமில் பிறந்தது என்று முடிவு செய்யலாகாது. வண்டியின் முகப்புப் பட்டயம், சட்டத்தில் பொறித்த எண், வாங்கிய ரசீது, உள்ளாட்சி மன்றங்கள் ஆண்டுதோறும் வரி பெற்று வழங்கிய வில்லை ஆகியவற்றை ஒப்புநோக்குக. ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று வேக ஹப்பு இருப்பின் அதன் மேலேயே ஆண்டைக் குறிக்கும் எண் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். சக்கரம் பின்னாளில் மாற்றப்படாதிருந்தால் அதுவே சிறந்த சான்று.

காலம் தெளிந்தபின் இருக்கையைத் தேர்வது எளிது. விடுதலைக்கு முந்திய ஆங்கில வண்டிக்கு ஆங்கிலத் தோல் இருக்கை தகும். உலகப்போர்க் காலமாகிய 1939 முதல் 1945 வரையிலான வண்டிகளில் பளபளக்கும் முலாம் அருகிக் கறுப்பு வண்ணமே பல உறுப்புகளில் பூசப்பட்டது. ஆகவே வெள்ளிபோல் மின்னும் சுருள்வில் அவற்றிற்குப் பொருந்தாது. அம்பத்தூர், ஆசன்சோல் வண்டிகளுக்கு இந்தியாவில் செய்த சுருள்வில் இருக்கையே உரியது. அதற்கு மேல் விலையுயர்ந்த சீமை இருக்கை ஒன்றை ஏற்றுவதால் பெருமை கூடிவிடாது. அளவையும் நோக்குக: பழைய வண்டிகளின் இருக்கைத் தண்டின் மேல்முனை பெரும்பாலும் 7/8 அங்குலம். ‘பி 66’ இருக்கையின் அடியில் இரட்டைக் கம்பிகள் உண்டு. அவற்றிற்குரிய பிடிப்புடன் சேர்த்தே வாங்கவேண்டும். இக்காலத் தண்டுகளில் அது அமராது. அவற்றிற்கென அமைந்ததே ‘பி 67’.

பழைய தோல் கிழிந்திருப்பின் உடனே எறிந்துவிடற்க. இரும்புச் சட்டமும் சுருள்வில்லும் நலமாயிருந்தால், தோல் தொழிலில் வல்லவர் ஒருவரைக் கொண்டு தாவரப் பதனிட்ட தடித்த தோலை நனைத்து, வடிவம் கொடுத்து, செப்பு ரிவெட்டு அடித்துப் புதுப்பிக்கலாம். ஆவாரம் பட்டையால் தோல் பதனிட்டுச் சீமைக்கு அனுப்பிய மாகாணம் நம் சென்னை மாகாணம். அக்கைத்திறன் நமக்குப் புதியதன்று. இடவப்பாதியும் துலாமழையும் தவறாது பெய்யும் இந்நாட்டில் நனைந்த தோலை நிழலில் உலர்த்தவேண்டும்; வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால் வெடிக்கும். நனைந்த தோலின் மேல் அமர்ந்தால் அது தொய்ந்துவிடும். தேங்காயெண்ணெயை அள்ளிப் பூசுவது நல்லதன்று. எண்ணெய் மிகுந்தால் தோல் இளகி உறுதியிழக்கும். தோலுக்குரிய மெழுகைச் சிறிதளவு தேய்த்தலே போதும்.

இறுதியாக ஒன்று கூறவேண்டும். பெரியவர் ஒருவர் தம் வண்டியின் ஆங்கில இருக்கை தேய்ந்தபின், கையிலிருந்த காசுக்கு ஏற்ப மலிவான ரெக்சின் இருக்கையொன்றை மாட்டி, மேலும் இருபது ஆண்டுகள் அதிலேயே வேலைக்குச் சென்றிருக்கலாம். அந்த ரெக்சினும் வரலாறே. அதைக் கழற்றிவிட்டுச் சீமைத் தோலை ஏற்றும்போது, அவர் வாழாத செல்வ வாழ்வொன்றை நாம் அவருக்குக் கற்பித்துவிடுகிறோம். பிள்ளைகளின் கல்விக்காக அவர் மிச்சம் பிடித்த காசின் சுவடும் அத்துடன் அழிகிறது. அவர் உடலழுத்தம் பதிந்த பழந்தோலோ, எந்தப் பணத்திற்கும் மீண்டும் கிடையாதது. ஓட்டுவதற்குப் புதிய இருக்கை வேண்டுமெனில் தாராளமாகப் பொருத்துக; கழற்றிய பழையதைத் துணியில் சுற்றி, யார் ஓட்டினார், எந்த ஆண்டு எது மாற்றப்பட்டது என்று எழுதிய அட்டையொன்றை அதனுடன் கட்டி வைக்குக.

அவ்வட்டையை எழுதுவதற்கான விவரம் தெரிந்த மூத்தோர் இன்று நம்மிடையே சிலரே உள்ளனர். நகரத்துப் பழம்பொருள் வணிகர் வாயிலில் வந்து நிற்குமுன், நம் இளைஞர் அவர்களருகே சென்றமர்ந்து கேட்டெழுதுவார்களாக. பிழைப்பிற்காக எல்லை கடந்து வந்த நம்மனோர்க்குக் கல்வெட்டும் செப்பேடும் இல்லை. இத்தகைய அட்டைகளே நம் ஆவணங்கள்.