ஊசியும் நூலும்: கிறிஸ்தவத்தில் இறையச்சத்தின் வரலாறு

உங்களில் சிலருக்கு இப்போது விடிகாலை, சிலருக்கு நள்ளிரவு. ஆகவே நேரடியாக விஷயத்துக்கு வருகிறேன்.

நம்மில் பெரும்பாலானோர் கேட்டு வளர்ந்த ஒன்று உண்டு. தப்புச் செய்தால் சாமி கண்ணைக் குத்தும். கிறிஸ்தவ வீடுகளிலும் குழந்தையை அடக்க ஆண்டவர் பெயரைச் சொல்லிப் பயமுறுத்துவது உண்டு. அன்பே கடவுள் என்று சொல்லும் ஒரு மதம், கடவுளுக்கு அஞ்சுவதில்தான் ஞானம் தொடங்குகிறது என்றும் ஏன் சொல்கிறது? அஞ்சுகிற ஒருவரை எப்படி நேசிப்பது? கிறிஸ்தவ சிந்தனையாளர்கள் மிகத் தொடக்கத்திலேயே இந்தக் கேள்வியை எதிர்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழ் விவிலியத்தில் ‘பயப்படுதல்’ என்று வரும் பல இடங்களில் எபிரேய மூலத்தில் இருப்பது ‘யிரா’ என்ற சொல். எதிரியைக் கண்டு நடுங்குவதும் அதுதான், பெரியதொன்றின் முன் வியந்து பணிவதும் அதுதான். யாத்திராகமத்தில் சீனாய் மலைக் காட்சியை நினைத்துப் பாருங்கள். இடியும் மின்னலும் புகையும் கண்டு மக்கள் பின்வாங்குகிறார்கள். மோசே அவர்களிடம் அஞ்சவேண்டாம் என்கிறார். அடுத்த மூச்சிலேயே, கடவுளைப் பற்றிய அச்சம் உங்களுக்குள் இருந்து நீங்கள் பாவம் செய்யாமல் இருப்பதற்காகவே இவையெல்லாம் என்கிறார். ஓடச் செய்யும் அச்சத்தை விடச் சொல்லி, வழிநடத்தும் அச்சத்தை வைத்துக்கொள்ளச் சொல்கிறார். திருக்குறளில் ‘தீவினையச்சம்’ என்றே ஓர் அதிகாரம் இருப்பதை அறிந்த நமக்கு இந்த வேறுபாடு அந்நியமானதல்ல.

இதைத் தெளிவாக வகுத்துச் சொன்னவர் அகஸ்டின் (354-430). வட ஆப்பிரிக்காவில், இன்றைய அல்ஜீரியாவில் இருந்த ஹிப்போ நகரத்தின் ஆயர். அவருடைய உரைகள் பலவும் அவர் பேசப்பேசச் சுருக்கெழுத்தர்கள் குறித்துக்கொண்டவை. 407-ஐ ஒட்டி அவர் யோவானின் முதல் கடிதத்தைப் பற்றித் தொடர் உரைகள் ஆற்றினார். முழுமையான அன்பு அச்சத்தை வெளியேற்றிவிடும் என்கிறது அந்தக் கடிதம். ஆனால் சங்கீதமோ கடவுளைப் பற்றிய அச்சம் என்றென்றும் நிலைக்கும் என்கிறது. எது சரி?

அகஸ்டின் இரண்டு பெண்களை உதாரணம் காட்டுகிறார். இருவருமே கணவனுக்கு அஞ்சுகிறார்கள். துரோகம் செய்பவள் அவன் வந்துவிடுவானோ என்று அஞ்சுகிறாள். நேசிப்பவள் அவன் போய்விடுவானோ என்று அஞ்சுகிறாள். முதல் அச்சத்தை அன்பு வெளியேற்றும். இரண்டாவது அச்சம் அன்புக்குள்ளேயே இருப்பது, ஆகவே நிலைக்கும். இன்னொரு உவமையும் சொல்கிறார். தைக்கும்போது ஊசி முதலில் நுழைகிறது. ஆனால் அது துணியிலேயே தங்கிவிட்டால் நூல் உள்ளே வரமுடியாது. தண்டனை அச்சம் ஊசி, அன்பு நூல்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இதை முறைப்படுத்தினார். அடிமையின் அச்சம், பிள்ளையின் அச்சம் என்று பிரித்தார். அடிமை அடிக்கு அஞ்சுகிறான். பிள்ளை, தந்தையின் மனம் நோகுமோ, அவரைப் பிரிய நேருமோ என்று அஞ்சுகிறது. பிள்ளையின் அச்சத்தைத் தூய ஆவியின் கொடைகளில் ஒன்றாகவே அவர் வைக்கிறார். அன்பு வளரவளர அடிமையச்சம் குறைகிறது, பிள்ளையச்சம் கூடுகிறது.

இந்த மாற்றத்தைத் தன் வாழ்க்கையில் கடந்து வந்தவர் மார்ட்டின் லூதர். 1505 ஜூலையில் ஸ்டாட்டர்ன்ஹைம் அருகே இடிமின்னலில் சிக்கி, உயிர்பயத்தில் துறவியாவதாக நேர்ந்துகொண்டார். மடத்திலும் அந்தப் பயம் அவரை விடவில்லை. கடவுள் அவருக்குத் தண்டிக்கும் நீதிபதியாகவே தெரிந்தார். அதிலிருந்து மீண்டவர் 1529-ல் வீடுகளில் கற்பிப்பதற்காகச் சிறிய ஞானோபதேச நூல் ஒன்றை எழுதினார்.  அதில் பத்துக் கட்டளைகளுக்கான விளக்கம் ஒவ்வொன்றிலும் கடவுளுக்கு அஞ்சுவதும் அவரை நேசிப்பதும் சேர்ந்தே வருகின்றன. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் அந்த நூலைத் தமிழாக்கினார். நம் கிறிஸ்தவ வீடுகளில் புழங்கும் ‘பயபக்தி’ என்ற சொல்லிலும் அந்த இணைப்பு இருக்கிறது.

இத்துடன் முடித்துக்கொண்டால் இது இனிமையான வரலாறு. ஆனால் முடிக்கமுடியாது.

ஊசியைப் பற்றிப் பேசிய அதே ஆண்டுகளில் அகஸ்டினின் ஊரில் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. டொனாட்டியர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கு எதிராக 405-ல் பேரரசர் ஹொனோரியஸ் சட்டம் போட்டார். நம்பிக்கை விஷயத்தில் யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்பதே அகஸ்டினின் முந்தைய கருத்து. 408-ஐ ஒட்டி வின்சென்டியஸ் என்பவருக்கு எழுதிய கடிதத்தில், அந்தக் கருத்தை மாற்றிக்கொண்டதாகச் சொல்கிறார். தன் சொந்த ஊரே சட்டத்துக்குப் பயந்து திருச்சபைக்குத் திரும்பியதைச் சான்றாகக் காட்டுகிறார். மரண தண்டனை கூடாது என்று அவர் மன்றாடியதும் உண்மை. ஆனாலும் ஊசி இப்போது அரசாங்கத்தின் கைக்குப் போய்விட்டது.

அதன் விளைவு நூற்றாண்டுகள் கழித்தும் தொடர்ந்தது. 1685-ல் பிரான்சின் பதினான்காம் லூயி, புராட்டஸ்டன்டுகளுக்கு இருந்த உரிமைகளை ரத்துசெய்தபோது, அதை ஆதரித்தவர்கள் அகஸ்டினின் கடிதங்களையே துணைக்கு அழைத்தார்கள். அப்போது ராட்டர்டாமில் அகதியாக வாழ்ந்தவர் பியேர் பெய்ல் என்ற சிந்தனையாளர். அவருடைய எழுத்துக்காக, பிரான்சில் இருந்த அவருடைய அண்ணனைப் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். அண்ணன் அந்த ஆண்டே சிறையில் இறந்தார். பெய்ல் மறு ஆண்டே, விருந்துக்கு ஆட்களைக் கட்டாயப்படுத்தி அழைத்துவரச் சொல்லும் இயேசுவின் உவமையை எடுத்துக்கொண்டு ஒரு நூல் எழுதினார். வற்புறுத்தலால் வெளி நடத்தையை மாற்றலாம், மனசாட்சியை மாற்றமுடியாது என்பது அவருடைய வாதம்.

பெய்ல் அகஸ்டினை எதிர்த்து எழுதினார். ஆனால் அவர் சொன்னது அகஸ்டினின் பழைய உரையில் ஏற்கனவே இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. போய்விடுவானோ என்று அஞ்சுபவளுக்கு அந்த அச்சத்தை யாரும் வெளியிலிருந்து ஊட்டவில்லை. அவள் நேசிக்கிறாள், அதனால் அஞ்சுகிறாள். சட்டமோ அபராதமோ சிறையோ வந்துவிடுவானோ என்ற முதல் அச்சத்தை மட்டுமே உண்டாக்க முடியும்.

ஆகவே இறையச்சம் அன்பான வழிகாட்டல் என்று கிறிஸ்தவர்கள் சொல்வதை நான் ஏற்கிறேன். ஆனால் அதை ஒருவர் தன்னைப் பற்றி மட்டுமே சொல்லிக்கொள்ள முடியும். உன் நன்மைக்காகத்தான் உன்னைப் பயமுறுத்துகிறேன் என்று இன்னொருவரிடம் சொல்லத் தொடங்கும்போது, அரசரானாலும் ஆயரானாலும் வீட்டில் குழந்தைமுன் நிற்கும் நாமானாலும், அது வேறொன்றாகிவிடுகிறது. அங்கே குழந்தை கற்றுக்கொள்வது கடவுளை அல்ல, நம்மிடம் மாட்டிக்கொள்ளாமல் இருப்பதை.

இங்கே நிறுத்திக்கொள்கிறேன். உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.