லா கிரேஞ்ச் வீட்டுப் பெண்கள்

1973 ஜூலை 26 அன்று ஸீ ஸீ டாப் குழுவின் மூன்றாவது ஆல்பம் வெளிவந்தது. பெயர் 'ட்ரெஸ் ஓம்ப்ரெஸ்'. ஸ்பானிஷ் மொழியில் மூன்று ஆண்கள் என்று பொருள். கிட்டாரில் பில்லி கிப்பன்ஸ், பேஸில் டஸ்டி ஹில், டிரம்ஸில் ஃபிராங்க் பியர்ட்: மூவரும் டெக்சஸ்காரர்கள். அந்த ஆல்பத்தின் மிகப் புகழ்பெற்ற பாடல், அதே டெக்சஸில் லா கிரேஞ்ச் என்ற சிற்றூருக்கு வெளியே இருந்த ஒரு வீட்டைப் பற்றியது. ஆல்பம் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஆகஸ்ட் 1 அன்று அந்த வீடு இழுத்து மூடப்பட்டது. பாட்டு நின்றுவிட்டது. வீட்டில் இருந்த பெண்கள் எங்கே போனார்கள் என்று எந்த ராக் வரலாற்று நூலும் கேட்பதில்லை.

பூகி என்பதை இசை தெரியாதவர்களுக்கும் எளிதாகச் சொல்லிவிடலாம். புளூஸில் வழக்கமாக மூன்று கார்டுகள் மாறி மாறி வரும். கிட்டார் பூகியில் பெரும்பாலும் ஒரே கார்டு. அதிலேயே நின்று, நொண்டி நடப்பது போன்ற ஒரு தாளத்தில், சின்னச் சின்ன மாற்றங்களோடு திரும்பத் திரும்ப வரும். ஆவுரலைச் சுற்றுவது மாதிரி. முன்னே எங்கும் போகாது, ஆனால் நிற்கவும் விடாது. 'ட்ரெஸ் ஓம்ப்ரெஸ்' பத்துப் பாடல்கள், அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். மெருகேற்றாத ஒலி. முதல் பாடல் முடிந்த கணமே, மூச்சு விடாமல், இரண்டாவது தொடங்கிவிடும். கிட்டாரில் புழுதி ஒட்டியிருப்பது போலக் கேட்கும். 'லா கிரேஞ்ச்' பாடலில் டிரம்மின் விளிம்பில் குச்சி தட்டும் சத்தத்தோடு கிட்டார் மெல்ல ஆரம்பிக்கும். குரல் பாடாது, முணுமுணுக்கும். நடுவே தொண்டைக்குள் ஒரு செருமல் சிரிப்பு. பிறகு திடீரென்று மூன்று வாத்தியங்களும் சேர்ந்து அடிக்கும்போது உட்கார்ந்திருப்பது கஷ்டம். இதைக் கேட்டுக் கால் தட்டாத பெண்ணியவாதி இருந்தால் அவரைப் பார்க்க எனக்கு ஆசை.

பாட்டில் வீடு ஒரு வதந்தியாகத்தான் வருகிறது. அது என்ன வீடு என்று நேராகச் சொல்லப்படுவதில்லை. கேட்கிற ஆணுக்குத் தெரியும், கண் சிமிட்டினால் போதும் என்பது அதன் தொனி. பெண்கள் பன்மையில் மட்டும் வருகிறார்கள், பெயரில்லாமல், குரலில்லாமல். சங்கப் பாடல் நடத்துகிறவள் என்பதால் எனக்கு இங்கே ஒரு பழக்கதோஷம் உண்டு. மருதத்திணைப் பாடலில் பரத்தை பேசுவாள், தலைவனைக் கேலி செய்வாள். அது ஆண் புலவர் அவள் வாயில் வைத்த பேச்சாக இருக்கலாம், ஆனாலும் அவளுக்கென்று ஒரு கூற்று இருக்கிறது. இந்தப் பாட்டில் அதுகூட இல்லை. சிரிப்பும் ஆணுடையதுதான்.

அந்த வீட்டை ஊரார் 'சிக்கன் ரான்ச்' என்றார்கள், கோழிப்பண்ணை. ஜெஸ்ஸி வில்லியம்ஸ் என்ற பெயரில் வாழ்ந்த ஃபே ஸ்டூவர்ட் என்ற பெண், 1915 வாக்கில் ஊருக்கு வெளியே நிலம் வாங்கித் தொழிலை அங்கே மாற்றினார். முதல் உலகப் போருக்குப் போன ஊர்ப் பையன்களுக்கு அந்த வீட்டுப் பெண்கள் கடிதமும் பொட்டலமும் அனுப்பினார்களாம். 1930களின் பெருமந்தத்தில் வாடிக்கையாளர் கையில் காசில்லை. பணத்துக்குப் பதில் கோழியாகக் கொடுக்கலாம் என்று ஜெஸ்ஸி அறிவித்தார். வீட்டைச் சுற்றிக் கோழிகள் பெருகின, முட்டை விற்பனையும் நடந்தது, பெயரும் ஒட்டிக்கொண்டது. பெண்ணிடம் கைமீறி நடப்பவனை வெளியேற்ற ஜெஸ்ஸி கையில் ஓர் இரும்புக் கம்பியோடு நடைவழியில் உலாத்துவார் என்பார்கள். இதை டெக்சஸில் நாட்டுப்புறக் கதை மாதிரி ரசித்துச் சொல்கிறார்கள். அந்தக் கம்பிக்கு ஒவ்வோர் இரவும் வேலை இருந்தது என்பதுதான் கதையில் எனக்குக் கேட்கிறது.

1952இல் எட்னா மில்டன் அங்கே வேலைக்கு வந்தார். ஓக்லஹோமாவில் பிறந்தவர். 1961இல் ஜெஸ்ஸி இறந்தபின் வீட்டை வாங்கி அவரே நடத்தினார். எட்னாவின் நிர்வாகம் கறார். வாரம் ஒருமுறை மருத்துவப் பரிசோதனை. குற்றப் பதிவு உள்ளவர்களுக்கு வேலை கிடையாது. ஊர் மக்களோடு பழகக் கூடாது. வீட்டுக்கு வேண்டிய சாமான்களை ஊர்க் கடைகளில் முறைவைத்து மாற்றி மாற்றி வாங்குவார்கள், எந்தக் கடைக்காரருக்கும் மனக்குறை வரக் கூடாதே. அப்பெண்களின் உழைப்பில் வந்த பணம் ஊருக்குள் தாராளமாகப் புழங்கலாம். பெண்கள் புழங்கக் கூடாது.

கணக்கையும் பார்த்துவிடுவோம். எட்னா காலத்தில் கட்டணம் 15 நிமிடத்துக்கு 15 டாலர். (பாட்டு அதைப் பத்தாக்குகிறது, ஆண்களின் நினைவில் எல்லாம் மலிவு.) அதில் முக்கால் பங்கு வீட்டுக்காரிக்கு, அதாவது 11 டாலர் 25 சென்ட். மீதி 3 டாலர் 75 சென்ட் அந்தப் பெண்ணுக்கு. தங்குவது, சாப்பாடு எல்லாம் போக ஒரு பெண் வாரம் 300 டாலர் சம்பாதித்தார் என்று பெருமையாக எழுதுகிறார்கள். அந்தக் காலத்துக்கு அது நல்ல வருமானம்தான், மறுக்கவில்லை. ஆனால் 300ஐ 3.75ஆல் வகுத்துப் பாருங்கள். எண்பது வருகிறது. வாரத்துக்கு எண்பது ஆண்கள். மூன்று நிமிடச் சொச்சம் ஓடும் பாட்டு அந்த எண்ணைச் சொல்வதில்லை, சொன்னால் ஆட முடியாது.

வந்தவர்கள் யார்? பக்கத்துப் பல்கலைக்கழக மாணவர்கள், படைமுகாம் சிப்பாய்கள், பெரிய மனிதர்கள். டஸ்டி ஹில் பின்னாளில் ஒரு பேட்டியில், தான் 13 வயதில் அங்கே போனதாகச் சொன்னார். டெக்சஸில் பையன் 'ஆளாகும்' வயதில் அப்பாக்களே அழைத்துப்போன இடம் அது என்றார். பெண் பிள்ளை பெரியவளானால் வீட்டுக்குள் உட்கார வைப்பதும், ஆண் பிள்ளை பெரியவனாக இன்னொரு பெண்ணின் உடம்பைச் சடங்குப் பொருளாக்குவதும் ஒரே ஏற்பாட்டின் இரண்டு பக்கங்கள். 13 வயதுச் சிறுவனுக்கும் அதில் விருப்பம் கேட்கப்பட்டதா என்பது தனிக் கேள்வி. வரலாறு அதையும் கேட்கவில்லை, பையன் பின்னால் புகழ்பெற்றுவிட்டான்.

மூடிய கதை முழுக்க ஆண்களின் மல்யுத்தம். ஹூஸ்டனின் கே.டி.ஆர்.கே. தொலைக்காட்சி நிருபர் மார்வின் ஸிண்ட்லர் 1973 ஜூலையில் வீட்டைப் பற்றித் தொடர்ந்து செய்தி வெளியிட்டார். ஆளுநர் டால்ஃப் பிரிஸ்கோ மூடச் சொன்னார். கவுண்டியின் ஷெரீஃப் ஜிம் ஃபிளர்னாய் வீட்டுக்கு ஆதரவு. ஊர் மக்கள் 3,000 பேரிடம் கையெழுத்து வாங்கி ஆளுநரிடம் கொண்டுபோகப் பார்த்தார், ஆளுநர் சந்திக்கவில்லை. அடுத்த ஆண்டு ஸிண்ட்லர் ஊருக்கு வந்தபோது ஷெரீஃப் அவரை அடித்து, அவர் தலையிலிருந்த பொய்முடியைப் பிடுங்கினார். இந்தப் பொய்முடி பற்றி எழுதப்பட்ட வார்த்தைகளில் பத்தில் ஒரு பங்கு அந்தப் பெண்களைப் பற்றி எழுதப்பட்டிருந்தால் நமக்கு அவர்களில் சிலரின் பெயராவது தெரிந்திருக்கும்.

மூடியது சரியா, தவறா என்று மாணவியர் கேட்பார்கள். ஒழுக்கத்தின் பெயரால் மூடியவர்கள் அப்பெண்களுக்கு மாற்றுவழி எதையும் யோசிக்கவில்லை. ஆகவே அதை விடுதலை என்று என்னால் சொல்ல முடியாது. 'நம் ஊர்ப் பாரம்பரியம்' என்று அழுதவர்கள், அவர்களை ஊர்க்காரர்களாக ஒருநாளும் நடத்தியதில்லை. ஆகவே அந்தக் கண்ணீரிலும் எனக்குப் பங்கில்லை. வேலையிழந்த ஒரு தொழிலாளர் கூட்டத்துக்கு என்ன கேட்போமோ அதைத்தான் இங்கேயும் கேட்க வேண்டும்: நிலுவை, அடுத்த வேலை, தலைக்கு மேல் கூரை. எட்னாவுக்கு ஓரளவு வழி பிறந்தது. வீட்டின் ஒரு பகுதியை டல்லஸுக்குப் பெயர்த்துக் கொண்டுபோய் உணவகமாக்கினார்கள், அதில் வந்தவர்களை வரவேற்க எட்னா நின்றார். அது சில மாதங்கள்தான் நீடித்தது. 1978இல் பிராட்வேயில் இந்த வீடு இசை நாடகமானது, அதிலும் அவருக்கு ஒரு சிறு வேடம். 1982இல் டாலி பார்ட்டன் நடிக்கத் திரைப்படமும் ஆனது. எட்னா 2012இல் இறந்தபோது பெரிய பத்திரிகைகள் இரங்கல் எழுதின. மற்றவர்கள் இன்னும் பன்மையிலேயே இருக்கிறார்கள்.

இனி அந்தத் தாளம். 'லா கிரேஞ்ச்' பாடலின் கிட்டார் யாருடையது என்று ஒரு வழக்கே நடந்தது. 1948இல் டெட்ராயிட்டில் ஜான் லீ ஹூக்கர் 'பூகி சில்லன்' என்ற பாடலைப் பதிவு செய்தார். மிசிசிப்பியிலிருந்து வந்து கார்த் தொழிற்சாலையில் துப்புரவு வேலை பார்த்த கறுப்பின இளைஞர். ஒரே ஆள், ஒரு மின்கிட்டார், தரையைத் தட்டும் கால், அவ்வளவுதான். அடுத்த ஆண்டு அது ஆர் அண்ட் பி பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1990களில் ஸீ ஸீ டாப் மீது வழக்குப் போட்டது ஹூக்கர் அல்ல, பாடலின் உரிமையை வைத்திருந்த தயாரிப்பாளர் பெர்னார்ட் பெஸ்மனின் நிறுவனம். இசைத்தட்டாக விற்றதே பதிப்பித்ததற்குச் சமம் என்று 1995இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய பாடல்கள் பலவற்றின் உரிமையே ஆட்டம்காண, 1997இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று.

ஹூக்கரின் பாட்டுக்குள் ஒரு குட்டிக் காட்சி உண்டு. இரவெல்லாம் வெளியே சுற்றுவதற்கு அம்மா தடை சொல்கிறாள். அப்பா, பையனுக்குள் இருப்பது வெளியே வந்தாக வேண்டும், விடு என்கிறார். பூகியின் விடுதலைக் கதையில் அம்மா வாசலை மறிப்பவள். ராக் இசையில் இந்த அம்மா பிறகு எத்தனையோ முறை வருகிறாள். ஆனால் தட்டை வெளியிட்ட கம்பெனியின் கதை வேறு. ஹூக்கரின் தட்டு மாடர்ன் ரெக்கார்ட்ஸ் பெயரில் வந்தது. 1945இல் அந்தக் கம்பெனி தொடங்கப்பட்டதே ஒரு பெண்ணின் பூகியைப் பதிவு செய்யத்தான். லாஸ் ஏஞ்சலீஸின் பியானோ கலைஞர் ஹாடா புரூக்ஸ், மேற்கத்திய சாஸ்திரிய இசை கற்றவர். ஜூக்பாக்ஸ் தொழிலில் இருந்த ஜூல்ஸ் பிஹாரி, ஒரு வாரத்தில் ஒரு பூகி தயார் செய்ய முடியுமா என்று கேட்டார். அவர் 'ஸ்விங்கிங் த பூகி'யைத் தயார் செய்தார், விற்றது, கம்பெனி நிமிர்ந்தது. அந்த முதலில்தான் மூன்று ஆண்டு கழித்து ஹூக்கரின் தட்டு ஏறி நின்றது. வழக்கறிஞர்களின் வம்சாவளியில் ஹாடா புரூக்ஸுக்கு இடமில்லை.

ஹூஸ்டன் நகரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸீ ஸீ டாப் உருவான நகரம். பிக் மாமா தார்ன்டன் 1948இல் அங்கே வந்து பீக்காக் கம்பெனிக்குப் பாடினார். 1953இல் அவருடைய 'ஹவுண்ட் டாக்' ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. தனக்குக் கிடைத்தது 500 டாலர் என்று அவரே சொல்லியிருக்கிறார். 1956இல் எல்விஸ் அதைப் பாடியபிறகு நடந்தது உலகுக்குத் தெரியும்.

அவருக்கும் முன்னால் ஸிப்பி வாலஸ். இயற்பெயர் பியூலா தாமஸ், 1898இல் பிறந்து ஹூஸ்டனில் வளர்ந்தவர். அப்பா தேவாலயத்தில் டீக்கன், மகள் அங்கே பியானோ வாசித்துப் பாடினாள். அண்ணன் ஜார்ஜும் தம்பி ஹெர்சலும் பூகி பியானோவின் முன்னோடிகளில் இருவர் என்று இசை வரலாறு ஒப்புக்கொள்கிறது. அந்த வீட்டின் மகளை 'பாடகி' என்ற தனி அறையில் உட்கார வைத்துவிட்டது. அவர் தன் பாடல்களைத் தானே எழுதியவர். 1923 முதல் ஓகே கம்பெனிக்காக நிறையப் பாடினார். 1926இல் ஹெர்சல் இளம்வயதிலேயே இறந்தார். ஸிப்பி டெட்ராயிட்டிலேயே தங்கி, பிறகு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அங்கே ஒரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தார். ஹூக்கர் 1948இல் பலகையில் காலைத் தட்டி 'பூகி சில்லன்' பதிவு செய்தபோது, பூகியைக் குடும்பச் சொத்தாகக் கொண்ட அந்தப் பெண் அதே ஊரில் ஞாயிறுதோறும் ஆர்கன் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

1966இல் அவர் மீண்டும் மேடையேறினார். ஐரோப்பா போனார், 'விமன் பீ வைஸ்' என்ற தன் பாடலைப் பதிவு செய்தார். தன் ஆணின் பெருமையை மற்ற பெண்களிடம் அளக்காதே என்று ஒரு பெண் பெண்களுக்குச் சொல்லும் குறும்பான அறிவுரை. அதைக் கேட்ட இளம் கிட்டார் கலைஞர் பானி ரெய்ட், 1971இல் வெளிவந்த தன் முதல் ஆல்பத்தில் அதையும் ஸிப்பியின் இன்னொரு பாடலையும் சேர்த்தார். 'ட்ரெஸ் ஓம்ப்ரெஸ்' வருவதற்கு இரண்டு ஆண்டு முன்பு. அதிலும் சிரிப்பு உண்டு, பேசுகிறவளின் சிரிப்பு. மூன்று ஆண்களின் ஆல்பத்தை வகுப்பில் போடும் நாளில் அடுத்ததாக இதைப் போடுவது என் வழக்கம். கிட்டார் புழுதி அடங்கியபின் அந்த முதிய குரல் வரும்போது, பின்வரிசைப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு, இது யார் மேடம் என்று கேட்கிறார்கள். பெயரைக் கரும்பலகையில் எழுதுகிறேன்.