தேத்தண்ணிக் கடை

பெல்மதுளையில் பிரிந்து நோனாகம நோக்கி இறங்கும் ஏ18 நெடுஞ்சாலை, கஹவத்தைத் தேயிலைச் சரிவுகளை விட்டுக் கொடகவெல தாண்டி எம்பிலிப்பிட்டியவை அடையும்போது, மலை முடிந்து வயலும் வாழையும் தொடங்கிவிடுகின்றன. பிட்டிய என்பது சிங்களத்தில் திடல். ஊர்ப்பெயரே நிலம் சமன்பட்டதைச் சொல்லிவிடுகிறது. இங்கே தேயிலை விளைவதில்லை, குடிக்கப்படுகிறது. சாலையோரத்தில் அப்பமும் வடையும் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி, வெந்நீர் கொதிக்க வைத்திருக்கும் சிறு உணவுக் கடையைச் சிங்கள மக்கள் 'தே கடே' என்பர். மேலே தோட்டங்களிலிருந்து இறங்கி வரும் தமிழர் அதையே 'தேத்தண்ணிக் கடை' என்பர். சொல்லை நேசிக்கும் அன்பரே, சிங்களத்தின் அந்த இரட்டைச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: முற்பாதி தைவான் தீவில் இன்றும் பேசப்படும் ஹொக்கியன், பிற்பாதி தமிழ். தமிழ் வடிவத்திலோ மூன்று அடுக்கு உண்டு.

முதல் அடுக்கு 'தே'. ஓரெழுத்து ஒருமொழியாக நிற்கும் இச்சொல், இலையோடு சேரும்போது யகர உடம்படுமெய் பெற்றுத் தேயிலை ஆகிறது; தண்ணியோடு சேரும்போது தகரம் இரட்டித்துத் தேத்தண்ணி ஆகிறது; நீரோடு சேர்ந்து தேநீராகிறது. பிறந்த நாள் முதல் நம் வீட்டில் வளர்ந்த சொல் போலப் புணர்ச்சி விதிகளுக்கு இப்படி அடங்கி நடப்பதனாலேயே, இது கடல் கடந்து வந்ததென்று எவருக்கும் தோன்றுவதில்லை. பலர் இதைத் தேனோடு மயங்கித் 'தேனீர்' என்று எழுதிவிடுவதும் அதனால்தான். றன்னகரம் இட்டால் அது தேன் கலந்த நீர். தந்நகரம் இட்டால்தான் தேயின் நீர். ஓர் எழுத்தில் ஒரு கடல்வழியே அடங்கிக் கிடக்கிறது.

அந்தக் கடல்வழி இது. தேயிலையைக் குறிக்கும் சீன எழுத்து ஒன்றே. அதை வடக்கிலும் கன்டனிலும் 'சா' என்று வாசிப்பர், தென்கிழக்கே பூகியன் கரையின் ஹொக்கியன் மொழியில் 'தே' என்று வாசிப்பர். பூகியனிலிருந்து தைவானில் குடியேறியோர் அவ்வாசிப்பைக் கொண்டு சென்றதால், தைனான் நகரத்து முதியவர் தேநீர் அருந்துவதை இன்றும் 'லிம் தே' என்கிறார். நிலவழியே பாரசீகம் போன சொல் 'சாய்' ஆயிற்று; மக்காவுவில் தளம் கொண்டிருந்த போர்த்துக்கேயரும் 'சா' என்றே கொண்டுபோயினர்; மலையாளத்துச் 'சாயா' அந்தக் குடும்பம். ஹொக்கியன் வணிகரோடு கொடுக்கல் வாங்கல் செய்த ஒல்லாந்தரோ 'தே'யைப் பற்றிக்கொண்டு ஐரோப்பாவுக்கு ஏற்றினர். அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பனி 1624இல் தைனான் கரையில் கோட்டை அமைக்கத் தொடங்கி 1662 வரை அங்கே இருந்தது. அதே கம்பனி 1640இல் காலியையும், 1656இல் கொழும்பையும், 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்தது. ஆக, 22 ஆண்டுகள் காலியும் தைனானும் ஒரே கம்பனிக் கொடியின் கீழ் இருந்தன.

ஆங்கிலேயர் தந்த சொல்லாக இது ஏன் இருக்கக்கூடாது என்று நீங்கள் கேட்கலாம். ஒலியே விடை சொல்லும். ஆங்கிலேயரின் நாநுனி ஒலியைத் தமிழ்ச் செவி டகரமாகவே கேட்கும்: டிக்கெட், டவுன், தமிழ்நாட்டு 'டீ'. போர்த்துக்கேய, ஒல்லாந்த வாய்களின் அதே எழுத்தை நாம் தகரமாகக் கேட்டோம். ஈழத்துத் துவாயும் தீந்தையும் போர்த்துக்கேயம். அலுவலகத்தைக் குறிக்கும் கந்தோர் ஒல்லாந்தம். அந்த வரிசையில் 'தே' இயல்பாகச் சென்று அமர்கிறது. பக்கத்திலேயே ஒல்லாந்தரின் 'கோப்பி'யும் இருக்கிறது. தமிழ்நாட்டார் காப்பியும் டீயும் குடிக்க, இலங்கைத் தமிழர் கோப்பியும் தேத்தண்ணியும் குடிப்பது இரு நாட்டு ஆட்சி வரலாறுகளின் ஒலிப் பதிவு. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலையை வாணிகப் பயிராக நட்டது 1867இல்தான். ஒல்லாந்தர் இத்தீவை விட்டு அகன்றதோ 1796இல். சொல் முன்னே வந்தது, செடி பின்னே வந்தது.

இங்கே ஒரு வழுக்குநிலமும் உண்டு. மலையகத் தோட்டங்களில் பால் சேராத தேநீரைச் 'சாயம்' என்றும் 'சாயத்தண்ணி' என்றும் சொல்வர். கேட்டவுடன் சாயாவின் தங்கை என்று எண்ணத் தோன்றும். அப்படியன்று: நிறம், ஒளி என்னும் பொருளுடைய 'சாய்' என்ற பழந்தமிழ்ச் சொல்லின் வழி வந்தது சாயம், இலை நீருக்கு ஏற்றிய நிறத்தையே அது சுட்டுகிறது. ஒலி ஒத்தால் உறவு என்று துணிவது சொல்லாராய்ச்சியில் முதலில் விடவேண்டிய பழக்கம்.

இரண்டாம் அடுக்கு 'தண்ணி'. தண்மை உடைய நீர் தண்ணீர். வெம்மை உடையது வெந்நீர். இப்பாகுபாடு எழுத்தில் நின்றாலும் பேச்சில் என்றோ கரைந்துவிட்டது. தண்ணீர் தேய்ந்து தண்ணியாகி, தண்மையை இழந்து, வெறும் நீரைக் குறிக்கத் தொடங்கியபின், வெந்நீருக்குச் 'சுடுதண்ணி' என்று புதுப்பெயர் வேண்டியதாயிற்று. சொற்பொருளைக் கறாராகப் பார்த்தால் அது சுடுகின்ற குளிர்நீர். ஆனால் பேசுவோர் எவரும் அதில் முரண் காண்பதில்லை. தண்ணி அவ்வாறு குளிர்ச்சியை உதிர்த்ததனால்தான் நாக்கைச் சுடும் தேத்தண்ணிக்கும் அது பொருந்திற்று. பால் இல்லாதது வெறுந்தேத்தண்ணி. ஆங்கிலம் கலந்த நாவில் அது பிளேன்டீ. ஒரே தம்ளருக்குள் ஒல்லாந்த ஒலியும் ஆங்கில ஒலியும் அருகருகே.

மூன்றாம் அடுக்கு 'கடை', நம் சொந்தச் சொத்து. முடிவு, ஓரம், இடம் என்பவை அதன் பழம்பொருள்கள்: கடைக்கண், கடைச்சங்கம், கடையெழு வள்ளல். வீட்டின் ஓரமாகிய வாயிலும் கடையே. நெடுங்கடை பெருவாயில், வீட்டின் பின்புறப் புழக்கடை சிறுவாயில். வாயிலில் பொருளைப் பரப்பி விற்றதனால் விற்பனையிடத்துக்கும் அப்பெயர் ஏறிற்று என்று கொள்வது இயல்பான வழி. இரண்டையும் வெவ்வேறு வேராகப் பிரிப்பாரும் உளர். பழைய இலக்கியம் சந்தைக்கு அங்காடி என்ற சொல்லையே பெரிதும் ஆள்கிறது. மதுரைக்காஞ்சியில் பகலில் நாளங்காடியும் இரவில் அல்லங்காடியும் உண்டு. அல் என்றால் இரவு. தைனானுக்குப் போகிறவர்கள் மாலையில் தேடிச்செல்லும் இரவுச் சந்தைக்கும் அந்நாட்டார் வைத்த பெயர் இரவு, சந்தை என்ற இரு சொற்களின் சேர்க்கையே. இரு நாகரிகங்கள் ஒன்றையொன்று அறியாமலே ஒரே சொல்லைக் கட்டியிருக்கின்றன.

அந்த மதுரை இரவில் அப்பம் சுட்டு விற்றோர் கூவியர். பெரும்பாணாற்றுப்படையிலும் அவர்கள் கரிய சட்டியில் வட்டமாகச் சுட்டதைப் பாகோடு சேர்க்கிறார்கள். எம்பிலிப்பிட்டியவில் மாலையில் அப்பச் சட்டியைச் சுழற்றி மாவைப் பரப்புபவரின் கை அதே வேலையைத்தான் செய்கிறது. அப்பம் சிங்களத்தில் ஆப்ப ஆயிற்று. இடியப்பம் ஒரு மெல்லொலி ஏற்று இந்தியாப்ப ஆயிற்று. பருப்பு பரிப்பு ஆயிற்று. கொத்து கொத்துவாகவே நின்றது. மண்சட்டியில் உறைந்த எருமைத் தயிர் மட்டும் எதிர்த்திசையிலிருந்து வருகிறது: அவர்கள் அதை 'மீ கிரி' என்பர். கிரி வடமொழிச் சீரத்தின் திரிபு. மீ, நம் மகிடாசுரனின் பெயரில் உள்ள அதே மகிடம்.

வடை, ரோல்ஸ், பட்டிஸ் போன்றவற்றை இலங்கையில் 'சோட்டீஸ்' என்பது வழக்கு; ஆங்கிலத்தின் 'ஷோர்ட் ஈட்ஸ்' அது. நம் சிற்றுண்டியும் சிறுமை, உண்டி என்று பிரியும். தைவானியர் தெருவோர உணவுக்கு வைத்த பெயரும் சிறு உணவு என்றே பிரியும். தைனானின் பேர்பெற்ற நூடுல்ஸ் 'தா-ஆ-மீ'. அதில் 'தா-ஆ' என்பது தோளில் சுமக்கும் காவுதடி. விற்பவர் இருபுறமும் கூடை தொங்கவிட்டுத் தெருத் தெருவாகச் சுமந்ததால் வந்த பெயர். 1895இல் தொடங்கிய அதன் புகழ்மிக்க கடையொன்று, மீன்பிடி குன்றும் மாதங்களைக் கடத்துதல் என்று பொருள்படும் பெயரைத் தாங்கியிருக்கிறது. நம் காவடியும் காவுதல் என்னும் வினையினின்றே எழுந்தது. சுமந்து விற்றவருக்கு அங்கே தடி பெயர் தந்தது. இங்கே குரல் பெயர் தந்தது போலும், கூவியர் என்பதற்குள் கூவுதல் ஒலிக்கிறது.

கடை என்ற சொல்லின் பிற்காலப் பயணம் இன்னும் சுவையானது. சிங்களத்தில் புகுந்து கடய ஆகி, பேச்சில் கடே ஆகி, ஒரு கடையைச் சொல்ல 'கடயக்' என்று அம்மொழியின் விகுதியே ஏற்றது. கடைவீதி அப்படியே கடவீதிய ஆயிற்று. சோற்றுக்கடை பத் கடே. அதில் பத், பாற்சோறாகிய கிரிபத்தில் உள்ள அதே சோறு. இவற்றுள் என் நெஞ்சைக் கொள்ளை கொண்டது 'சைவர் கடே'. தோசையும் உழுந்து வடையும் விற்கும் தமிழர் உணவகத்துக்குச் சிங்களம் வைத்த பெயர் இது. நம் பலர்பால் விகுதியாகிய 'அர்' வரை குலையாமல் வாங்கியிருக்கிறது. சமயத்தைக் குறித்த சைவம், 'நீங்கள் சைவமோ?' என்று கேட்கும்போது நாவின் ஒழுக்கத்தைக் குறிக்கும் சொல்லாகத் தமிழில் மாறிற்று. மீனைக் குறித்த மச்சம், ஈழத்துப் பேச்சில் ஆட்டிறைச்சி வரை விரிந்தது. சிங்களத்துக்குப் போன சைவரோ இன்னும் ஒரு படி தாண்டிச் சமயமும் விரதமும் கழன்று, ஒரு வகைச் சமையலின் முகவரியாக நிற்கிறார்.

உணவகம் என்பது நல்ல ஆக்கம். பலகையில் எழுத அழகு. ஆனால் பசித்தவர் உணவகத்துக்குப் போவதாகச் சொல்வதில்லை, கடைக்குத்தான் போகிறார். தனித்தமிழ் காக்க விரும்பும் நண்பர்கள் 'தே'யை வெளியேற்றத் தேவையில்லை. உடம்படுமெய்யும் வலி மிகுதலும் ஏற்றுக்கொண்ட அன்றே அது நம் இலக்கணத்துக்குக் குடிபுகுந்துவிட்டது. 'கடயக்' என்று விகுதி ஏற்ற அன்று கடையும் சிங்களத்தில் அவ்வாறே குடிபுகுந்தது. வாங்கியதைத் தன் விதிக்குள் வளைக்கும் வலிமையும், கொடுத்ததைக் கணக்குப் பாராமல் கொடுக்கும் வளமும் ஒரு மொழிக்கு ஒருங்கே வாய்ப்பது அரிது. தமிழுக்கு இரண்டும் வாய்த்தன என்பதற்கு எம்பிலிப்பிட்டியவின் எந்தத் தே கடேயும் சான்று.