அகலிகை: ஒரு பெயரின் வழக்கு

புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ சிறுகதை பற்றிப் பேச்செடுத்தால் வாக்குவாதமும் கூடவே வந்துவிடும். பெண்ணுக்குப் பரிந்து பேசுவதற்காக ராமனையும் கோதமனையும் இப்படிச் சிறுமைப்படுத்தலாமா என்பார் ஒருவர். இன்னும் கடுமையாக எழுதியிருக்க வேண்டும் என்பார் மற்றவர். 1943இல் ‘கலைமகள்’ இதழில் கதை வந்தபோது பிறந்த சண்டையல்ல இது. இந்திரனோடு கூடியதற்காகக் கணவன் கோதமனால் சபிக்கப்பட்ட நாயகி அகலிகையின் பெயருக்குப் பொருள் சொல்லப் புகுந்தவர்கள் முன்பே கட்சி கட்டியாயிற்று.

வடமொழியில் அவள் அஹல்யா. ‘ஹலம்’ என்றால் கலப்பை. எனவே உழப்படாத நிலம் என்பது ஒரு விளக்கம். தாகூர் இதைப் பெரிதும் விரும்பினார். ராமாயணத்தின் உத்தரகாண்டமோ ஹலம் என்றால் விகாரம் என்கிறது; குறையே இல்லாத அழகியாகப் பிரம்மன் படைத்து, அப்படிப் பெயரிட்டு, கௌதமனிடம் ஒப்படைத்தானாம். நிலமானாலும் அழகானாலும் உடைமைதான். யாருக்குப் பாத்தியதை என்பது மட்டுமே மிச்சம்.

மீமாம்சை ஆசிரியர் குமாரிலபட்டரின் விளக்கம்தான் எல்லாவற்றிலும் சாமர்த்தியமானது. பகலில் கரைந்துபோவது எதுவோ அதுவே அஹல்யா, அதாவது இரவு. இந்திரன் என்பது சூரியன். சூரியன் வந்தால் இரவு அழியும். இதில் கள்ள உறவு எங்கே வந்தது என்று கேட்டார். இந்திரனுக்கு இதைவிட நல்ல வக்கீல் கிடைத்திருக்க மாட்டார். கட்சிக்காரன் விடுதலையானான்; அவளோ ஆளாகவே இல்லாமல் போனாள்.

தமிழுக்கு வந்தபோது ஹகரம் ககரமாயிற்று, ‘ல்ய’ ‘லிக’ ஆயிற்று, சீதா சீதையானது போல ஈறு ஐகாரமாயிற்று: அகலிகை. நம் காதுக்கு ‘அகல்’ என்ற வினையும் கேட்கத்தான் செய்கிறது. கேட்கட்டும், சொற்பிறப்புக்கு அது சாட்சியாகாது.

இந்த வடிவம் பரிபாடலின் 19ஆம் பாட்டிலேயே உண்டு. திருப்பரங்குன்றத்து ஓவியங்களைப் பார்க்க வந்தவர்கள் இது யார், அது யார் என்று கேட்க, உடன் வந்தவர்கள் கைகாட்டிச் சொல்கிறார்கள். இந்திரன் அங்கே ‘பூசை’, அதாவது பூனை. கவுதமனுக்குச் சினம், அகலிகைக்குக் கல்லுரு. வால்மீகியின் பாலகாண்டத்தில் அவள் கல்லாவதில்லை. காற்றையே உண்டு, யார் கண்ணுக்கும் படாமல், சாம்பலில் கிடக்கிறாள். கம்பனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தமிழ் ஓவியன் அவளைக் கல்லாக்கிவிட்டான். அந்தச் சுவரில் ஆண்கள் இருவருக்கும் பெருமை ஒன்றும் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஒருவன் பதுங்குகிறான், ஒருவன் சீறுகிறான்.

புதுமைப்பித்தன் இவளை இரண்டு முறை எழுதினார். 1934இல் ‘மணிக்கொடி’யில் ‘அகல்யை’. வடமொழிச் சாயல் போகாத வடிவம். அதில் கௌதமர் சாபமே இடுவதில்லை. மனத்தூய்மைதான் கற்பு என்று சொல்லி, இந்திரனையும் போகவிடுகிறார். ஆண்களைக் குறைத்துக் காட்டுகிறார் என்று குறைப்படுவோர் இந்தக் கதையைப் படிக்கலாம். எனக்கு இது நிறைவில்லை. கணவர் அத்தனை நல்லவராகிவிட்டதால் அவளுக்குச் சொல்ல எதுவும் இல்லை; அவள் தரப்பையும் அவரே பேசி முடித்துவிடுகிறார்.

ஒன்பது ஆண்டு கழித்து அவள் பழந்தமிழ்ப் பெயருக்குத் திரும்பி அகலிகையானாள். கல்லும் திரும்பி வந்தது. இந்தக் கோதமன் தன் கோபமே தன்னை மாசுபடுத்தியது என்று உணர்கிறவன், தர்மத்தையே புதிதாக யோசிக்கிறவன். புதுமைப்பித்தன் இவனிடம் காட்டும் பரிவு சாதாரணமல்ல. எனினும், ராமன் தன்னைத் தீயில் இறங்கச் சொன்னதைச் சீதை வந்து சொன்ன பிறகு, கோதமன் நெருங்கும்போது அகலிகைக்கு இந்திரன்தான் தெரிகிறான். அவள் மறுபடி கல்லாகிறாள். அவன் திருந்தியது பொய்யில்லை, அவளுக்கு அது உதவவும் இல்லை. இதைப் பகை என்று படிப்பவர்கள் கோதமன் வரும் பக்கங்களைப் புரட்டித் தள்ளிவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். ராமன் விஷயம் வேறு; அவன்மேல் கதைக்கு இரக்கம் கிடையாது, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

கோதமன் என்ற பெயரைப் பிரித்தால் ‘மாடுகளில் சிறந்தது’ என்று வருகிறது. அதற்குள் குற்றத்தையோ தூய்மையையோ தேடி எந்த உரைகாரரும் மெனக்கெட்டதாகத் தெரியவில்லை. பிள்ளைக்குக் கௌதம் என்று வைப்பவர்களிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. பெண்ணுக்கு அகல்யா என்று வைத்தால் வீட்டுப் பெரியவர் ஒருவர் முகத்தைச் சுளிப்பார். பஞ்சகன்னியரில் முதலாமவள் என்று இன்னொருவர் சமாதானம் சொல்வார். அகலிகை என்றே வைத்தவர்களை நான் கேள்விப்பட்டதில்லை.