இரக்கமும் தொழிலும்

பசித்தவனுக்குப் பிச்சையிடுவது ஒரு தருமம். அவன் பிச்சை எடுக்கவேண்டிய நிலையையே ஒழிப்பது அதனினும் பெரிய தருமம். ஊனமுற்றோர் நடுவே கிறிஸ்தவ ஊழியர் தமிழகத்தில் ஆற்றிய பணி, முதல் தருமத்திலிருந்து இரண்டாவதை நோக்கி நடந்த சரித்திரமாகும்.

குருட்டையும் செவிட்டையும் முற்பிறப்பின் வினை என்று சொல்லி, அக்குழந்தைகளை மூலையில் உட்காரவைப்பது நம்மவரின் பழைய வழக்கம். பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890ஆம் ஆண்டில் பார்வையற்றோருக்கும், சுவைன்சன் அம்மையார் 1897ஆம் ஆண்டில் காது கேளாதோருக்கும் பள்ளிகளை நிறுவினர். கல்விக்கு உதவாதவர் என்று தள்ளப்பட்டவருக்கு எழுத்தும் கைத்தொழிலும் வரும் என்பதை அப்பள்ளிகள் மெய்ப்பித்தன.

அடுத்த படி வேலூரில் எடுத்துவைக்கப்பட்டது. 1946ஆம் ஆண்டின் இறுதியில் அங்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் விரல்கள் அழுகி உதிர்கின்றன என்னும் நம்பிக்கையை ஆராய்ந்தார். நோய் நரம்புகளைக் கெடுக்கிறது. உணர்விழந்த கை, சூட்டையும் காயத்தையும் அறியாமல் சிதைகிறது என்று கண்டார். நல்ல தசையின் நாணை மடங்கிய விரலுக்கு மாற்றித் தைத்து, கையைத் திறக்கச் செய்தார். ஆனால், கை நேரானவர்க்குப் பிச்சை குறைந்தது. நோயின் பெயரால் வேலையும் கிடைக்கவில்லை. ஆகவே சிகிச்சையோடு தச்சுத் தொழிலும் கற்பிக்கப்பட்டது. வைத்தியத்தின் முடிவு உழைப்பே என்பது இங்கு விளங்கிற்று.

அங்கேயே டாக்டர் மேரி வர்கீஸ் 1954ஆம் ஆண்டில் மோட்டார் விபத்தில் சிக்கி, இடுப்பின்கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். அவரது முயற்சியால் 1966ஆம் ஆண்டில் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. ஊனமுற்றோர் பெறுவோர் மட்டுமல்லர், கொடுப்போருமாவர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி நமது சிலாங்கூரை நோக்குவோம். கோலாலம்பூரிலிருந்து கோலசிலாங்கூர் செல்லும் வழியிலுள்ள சுங்கை பூலோவில், 1930ஆம் ஆண்டில் அரசாங்கம் தொழுநோயாளர் குடியிருப்பைத் திறந்தது. உச்ச நிலையில் இரண்டாயிரம் பேருக்குமேல் அங்கு வாழ்ந்தனர். வீடும் வைத்தியமும் கிடைத்தன. மாதாகோயிலும் இந்துக் கோயிலும் மசூதியும் இருந்தன. ஆனால், அங்குப் பிறந்த குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டனர். கூரை கொடுத்த இரக்கம் குடும்பத்தைப் பறித்தது. அவர்களுள் பலரை நிமிர்த்தி வைத்தது எது? பூச்செடி வளர்த்து விற்ற அவர்களது சொந்த உழைப்பே.

தோட்டத்துச் செக்ரோலை எழுதிவந்த நாம் ஒன்று சொல்வோம். பிரட்டில் பெயர் கூப்பிடப்படாத ஒருவர் அநேக லயங்களில் இருந்தார். பெற்றோர் பால்மரம் வெட்டச் சென்றபின் அவர் கதவு பூட்டிய வீட்டில் கிடந்தார். இன்று தோட்டத்தை விட்டுப் பட்டணம் வந்த குடும்பங்களிலும் அக்கதவு திறந்தபாடில்லை. மலேசியாவில் 2008ஆம் ஆண்டு முதல் ஊனமுற்றோர்க்கென ஒரு சட்டம் உண்டு. பதிவு செய்துகொள்ளவும் வழியுண்டு. பெற்றோரே, வெட்கத்தால் பிள்ளையை மறைக்காதீர். கோயிலாரே, மாதாகோயிலாரே, திருநாளன்று ஒரு பொட்டலம் சோறு கொடுப்பதோடு நின்றுவிடாதீர். ஒருவருக்கு ஒரு தொழிலைக் கற்பியுங்கள். அவர் செய்த பொருளை உரிய விலை கொடுத்து வாங்குங்கள்.